பெரியம்மாவின் வயலில் விழுந்த விமானம்

நான் வாடகைக்குப் பிடித்த டிரோன் வரம்பிலிருந்து எழும்பியதும் பூச்சிமருந்து நெடி மூக்கில் ஏறியது. அதே பழைய நெடி.

எனக்கு எட்டு வயதிருக்கும். வெள்ளாமைக்கு மருந்தடிக்க வந்த சின்ன விமானம் கிரவல் றோட்டில் ஓடி எழும்பி, எங்கள் வயலைத் தாண்டியதுதான் தாமதம், பெரியம்மாவின் வயலில் மூக்குக் குத்தி விழுந்தது. நொண்டியபடி சேற்றிலிருந்து ஏறிவந்த விமானிக்குப் பெரியம்மா இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

குருக்கள்மடத்திலிருந்துகூட வாவியைக் கடந்து தோணியில் ஆட்கள் பார்க்க வந்தார்கள். எங்கள் வயலை மிதித்துக்கொண்டுதான் அங்கே போனார்கள். பெரியம்மாவின் மகள் வசந்தி, "எங்கட வயலுக்க விழுந்த பிளேன்" என்று பள்ளிக்கூடத்தில் ஒரு தவணை முழுக்கச் சொல்லித் திரிந்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அம்மாவுக்கு அதைவிட வயிற்றெரிச்சல். "அந்த வயல் எனக்கு வரவேண்டிய சீதனம், மகள். உங்கட பெரியம்மா அழுது வாங்கிற்றா."

இப்போது அம்மாவின் வயல் எனக்கு, பெரியம்மாவின் வயல் வசந்திக்கு. டிரோன் என் தலைக்கு மேல் தள்ளாடி, சரிந்து, கண்ணிலிருந்து மறைந்தது. பக்கத்து வரம்பிலிருந்து வசந்தி கத்தினாள்:

"இஞ்ச ஓடி வாகா! இதுவும் எங்கட வயலுக்கதான் விழுந்திற்று!"