பேயக்கா சொன்ன முடிவுகள்

நூலகத்தில் அவளுக்குப் பெயர் பேயக்கா. உறுப்பினர் அட்டை வாங்கி மூன்று மாதம் ஆனவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவளும் திரும்பிப் பார்ப்பாள். புத்தகம் கொடுத்து வாங்கும் மேஜையில் இருபத்தாறு வருடம். அதில் பாதி நேரம் வேலை பார்த்திருப்பாள், மீதி நேரம் பேய், கொலை, வேற்றுக்கிரகம் என்று படித்துத் தள்ளியிருப்பாள். தலைமை நூலகர்கள் ஐந்து பேர் வந்து போனார்கள். ஐவரும் முதல் வாரத்தில் கண்டித்தார்கள், இரண்டாம் மாதத்தில் "நல்ல திரில்லரா ஒண்ணு எடுத்து வைங்கம்மா" என்று காதோரம் வந்து சொன்னார்கள்.

மேஜைக்கு இடதுபக்கம் அவளுடைய அலமாரி. "பெரியவர்களுக்கு மட்டும்" என்று மேலே ஒரு அட்டை. கீழே அறிவியல் புனைகதைக்கு ஒரு தட்டு, இருண்ட மாயக்கதைகளுக்கு ஒன்று, திரில்லருக்கு ஒன்று. ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் ஒரு சீட்டு இருக்கும். அதில் கதைச் சுருக்கம் இருக்காது. கதைச் சுருக்கம் சொல்கிறவர்களை அவள் மனிதர்களாகவே மதிப்பதில்லை. "முதல் ஐம்பது பக்கம் இழுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்." "வீட்டில் தனியாக இருப்பவர்களுக்கு வேண்டாம்." "நாய்க்கு ஒன்றும் ஆகாது." அவ்வளவுதான். மற்ற ஊழியர்களும் சீட்டு எழுதிப் பார்த்தார்கள், ஒருவரும் சீந்தவில்லை. பேயக்கா சொன்னால் சரியாக இருக்கும் என்று படிக்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார்கள்.

அவர்களில் ஒரு நர்ஸ் உண்டு. சனிக்கிழமை தவறாமல் வருவாள். இரண்டு வருடத்துக்கு முன்பு ஆறு வயது மகனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள். டூட்டி முடிந்து வீட்டுக்குப் போனால் சுவர்தான் துணை, விறுவிறுப்பாக ஒரு கதை இருந்தால் பொழுது நகரும். கத்திக்குத்து, ரத்தம், எலும்பைக் கடிக்கும் பூதம், எதற்கும் அசரமாட்டாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள். "குழந்தைக்கு ஏதாவது ஆகுமாக்கா?" ஆகும் என்றால் புத்தகத்தைத் தொடமாட்டாள். ஆகாது என்றால் அட்டைப்படத்தைக்கூடப் பார்க்காமல் பையில் போட்டுக்கொள்வாள். அந்த 'ஆகாது' என்ற ஒரு சொல்லுக்காகவே சில நாவல்களைப் பேயக்கா இரண்டு முறை கேட்டிருக்கிறாள்.

ஆமாம், கேட்டிருக்கிறாள். சங்கதி என்னவென்றால், அவளால் படிக்க முடியாமல் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. எதைப் பார்த்தாலும் நட்டநடுவில் ஒரு கறுப்புத் திட்டு. ஓரங்கள் தெரியும். கதவு தெரியும், ஆளின் உயரம் தெரியும், எழுத்து மட்டும் தெரியாது. கண்ணாடி மாற்றியும் பயனில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். நூலகத்தில் அவள் மூச்சுவிடவில்லை. பார்கோடு மெஷின் பீப் என்று கத்துவதை வைத்தே வேலையை ஒப்பேற்றினாள். கண் தெரியாதவள் பரிந்துரைக்கும் புத்தகத்தை எவர் எடுப்பார் என்ற பயம்தான் காரணம்.

கைகொடுத்தது கணவர். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், வாழ்நாளில் செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தைத் தாண்டாதவர். "நான் படிக்கறேன், நீ கேளு" என்று அவராகவே உட்கார்ந்தார். தினமும் சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை, சமையலறை மேஜையில். அவள் காய் நறுக்குவாள், துணி மடிப்பாள். கழுத்தை அறுக்கும் கட்டத்தைக்கூட அவர் மின்கட்டண ரசீது மாதிரி ஒரே குரலில் படிப்பார். அவள் சொல்லச் சொல்லச் சீட்டு எழுதியதும் அவர்தான். "அக்கா, உங்க கையெழுத்து திடீர்னு திருந்திடுச்சே" என்று ஓரிருவர் கேலி செய்தார்கள். முப்பது வருடக் குடித்தனத்தில் அவர்மேல் வராத காதல் அந்த ஒன்றரை வருடத்தில் வந்தது.

ஒரு சனிக்கிழமை நர்ஸ் வந்தாள். வழக்கமான வணக்கம் இல்லை. ஏழு வயதுச் சிறுமி காணாமல் போகும் திரில்லர் ஒன்றை மேஜையில் வைத்தாள்.

"இதோட கடைசி அத்தியாயம் படிச்சீங்களாக்கா?"

"படிச்சேனேம்மா. தபால்காரர்தானே கண்டுபிடிப்பாரு? பாழடைஞ்ச மில்லுல, கோட்டுல சுத்தி, உயிரோட."

நர்ஸ் புத்தகத்தை அவள் பக்கம் நகர்த்தினாள். "இந்தப் புத்தகத்துல தபால்காரரே இல்லக்கா" என்றாள். பிறகு, இன்னும் மெல்ல, "படிக்காமலே சொன்னீங்களா?"

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள். பேயக்கா புத்தகத்தை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள். அங்கே கிழிந்த புத்தகங்களுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார் பைண்டர், பதினைந்து வருடப் பழக்கம். கதவைச் சாத்திவிட்டு அவரிடம் தன் கண்ணைப் பற்றிச் சொன்னாள். பிறகு கடைசி அத்தியாயத்தைப் படிக்கச் சொன்னாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு படித்தார். ஊருக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி ஒன்று வந்தது. மிதக்கும் கோட்டு வந்தது. அங்கே அவர் நிறுத்திக்கொண்டார்.

"நிறுத்தாதீங்க. படிங்க."

சிறுமி தொட்டியில்தான் இருந்தாள். தபால்காரர் எந்தப் பக்கத்திலும் வரவில்லை.

பேயக்கா அலமாரிக்குப் போய் ஒரு கை நிறையப் புத்தகம் அள்ளிவந்தாள். ஒன்றில் நூறு வருடம் பயணம் போன விண்கலம். கணவர் சொன்ன கதையில் அது பத்திரமாகத் தரையிறங்கும், கேப்டனின் மனைவி வாசலில் காத்திருப்பாள். அச்சில் இருந்த கதையில் உள்ளே ஒருவரும் கண் விழிக்கவில்லை, கலம் பூமியைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. இன்னொன்றில் குடிமக்களின் ஞாபகங்களைத் தின்று வளரும் ஒரு நிழல். கணவர் படித்தபோது அந்த நிழல் கடைசியில் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கிளம்பிவிட்டது. அன்றைக்கே அவளுக்கு லேசாக உறுத்தியதுதான். எழுதியவர் வித்தியாசமான ஆள்போல என்று விட்டுவிட்டாள். நிஜத்தில் அந்த நிழல் ஒரு நாட்டையே தின்றுவிட்டு அடுத்த நாட்டுக்குப் போனது. பதினோரு புத்தகத்தில் இரண்டுதான் தேறின. அவற்றில் எழுதியவர்களே நல்ல முடிவு வைத்திருந்தார்கள்.

பைண்டர் தொண்டையைக் கனைத்தார். "படிச்சு முடிச்சவங்க நாலஞ்சு பேரு என்கிட்ட சொன்னாங்கக்கா, நீங்க பேசற கதையும் புத்தகமும் ஒத்துப்போகலைன்னு. வயசாகுது, மறக்கறாங்கன்னு நினைச்சு உங்ககிட்ட சொல்லாம விட்டுட்டோம்."

ஆக, அவளைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. "உங்க ரசனையே தனி" என்று ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் சிரித்ததைப் பாராட்டு என்று நினைத்து வீட்டில் வேறு சொல்லிப் பூரித்தாளே, அதை நினைத்தபோது உடம்பெல்லாம் கூசியது.

ஐந்து மணிக்குக் கணவர் புதுப் புத்தகத்தோடு மேஜையில் தயாராக இருந்தார்.

"தபால்காரர் எங்கிருந்துங்க வந்தாரு?" என்று கேட்டாள்.

நாற்காலி ஒருமுறை கிறீச்சிட்டது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. அந்த இடத்தில்தான் கறுப்புத் திட்டு நின்றது.

"உனக்குக் கண்ணே இப்படி ஆயிடுச்சு," என்றார் கடைசியில். "இதுல அந்தக் குழந்தையும் தண்ணித் தொட்டியில மிதக்குதுன்னு எப்படி உன்கிட்ட வாய்விட்டுப் படிக்கறது? மனசு வரலை."

"முப்பது வருஷமா நான் என்ன தாலாட்டுப் பாட்டா படிச்சுக்கிட்டிருந்தேன்? போனது கண்ணுங்க, புத்தி இல்ல. ஒன்றரை வருஷம் என் தலையில மிளகாய் அரைச்சிருக்கீங்க. நானும் எல்லாத்துக்கும் தலையை ஆட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்."

"உன் நல்லதுக்குத்தானே..."

"பிள்ளையைப் பறிகொடுத்தவகிட்ட என் வாயால பொய் சொல்ல வெச்சிருக்கீங்க!"

"நீ அவகிட்ட சொல்லுவேன்னு எனக்கெப்படித் தெரியும்?"

"குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நான் சொன்னப்போ, சீட்டுல எழுதினது யாருங்க? உங்க கைதானே?"

அவர் புத்தகத்தை மூடும் சத்தம் கேட்டது. அவள் எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டு, கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவினாள். அடித்திருந்தால்கூட மறந்திருப்பாள். அவர் பரிதாபப்பட்டிருக்கிறார், அதுவும் அவளுக்குத் தெரியாமல், தினமும் இரண்டு மணி நேரம்.

திங்கட்கிழமை தலைமை நூலகரிடம் கண்ணைப் பற்றிச் சொன்னாள். அவர் அதிர்ந்துதான் போனார், ஆனாலும் மருத்துவச் சான்று மட்டும் வாங்கிக்கொண்டு மேஜையிலேயே இருக்கச் சொன்னார். அலமாரியைக் காலி செய்தாள். சீட்டுகளை ஒவ்வொன்றாக உருவிக் கிழித்தாள். சனிக்கிழமை நர்ஸ் வந்ததும் ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். நர்ஸ் முழுவதையும் கேட்டாள்.

"உங்க வீட்டுக்காரர் உங்களை ஏமாத்திட்டாரு. சரிக்கா. நீங்க என்னை?" என்றாள். "கண்ணு தெரியலை, இன்னொருத்தர் படிச்சதை வெச்சுத்தான் சொல்றேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே முடிவைப் பார்த்துட்டு எடுத்திருப்பேனே. உங்களை நம்பி அந்த வீட்ல தனியா உக்காந்து படிச்சேன்க்கா."

பேயக்கா பார்கோடு மெஷினைக் கீழே வைத்தாள். சீட்டைப் பற்றிக் கேட்டபோது கணவர் இருந்த அதே இடத்தில் இப்போது அவள் நின்றாள்.

கணவர் இப்போது பக்க எண்ணைக்கூட விடாமல் படிக்கிறார். போன வாரம் ஒரு அறிவியல் கதை. வேற்றுக்கிரகக் குடியிருப்பில் அக்காவும் தம்பியும் புழுதிப்புயலில் சிக்குகிறார்கள். கடைசிப் பக்கத்தில் இரண்டு பேரும் பிழைத்து வீடு வந்து சேர்ந்தார்கள்.

"நிஜமாவா?" என்று கேட்டாள்.

"சத்தியமா. அச்சுல இருக்கறதுதான், வார்த்தைக்கு வார்த்தை." அவர் குரல் கெஞ்சியது. "இந்த ஒரு தடவை நம்பேன்."

அவள் நம்பவில்லை. மறுநாள் பைண்டரிடம் கொண்டுபோய்ப் படிக்கச் சொன்னாள். பிள்ளைகள் நிஜமாகவே பிழைத்திருந்தார்கள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம். பசை வாடைக்கு நடுவில் உட்கார்ந்து முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கட்டிய புருஷன் சொன்ன சொல்லை இன்னொருத்தரிடம் சரிபார்க்கிற நிலைமை வந்துவிட்டதே என்று அழுதாள்.

சனிக்கிழமை நர்ஸ் வந்தபோது அந்தப் புத்தகத்தை எடுத்து நீட்டினாள். நர்ஸ் கேள்வி எதுவும் கேட்கவில்லை. அவள் கேட்பதை நிறுத்தி மாதம் ஒன்றாகிறது. பேயக்காவாகவே சொன்னாள்.

"பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகாதும்மா. ரெண்டு பேரைப் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டேன்."

"சரிக்கா" என்றாள் நர்ஸ்.

பிறகு புத்தகத்தைப் பின்பக்கமாகத் திறந்து, நின்ற இடத்திலேயே கடைசிப் பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தாள். வரிசையில் பின்னால் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். பேயக்கா பார்கோடு மெஷினைக் கையில் பிடித்தபடி, அவள் படித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.