கீழ்பென்னாத்தூர் ஆட்டமும் அண்ணனும்

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு நீங்கள்தான் எழுத வேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார். மைதானத்தில் அண்ணனுக்குப் பின்னால் பதினோரு ஆண்டுகள் கோல்கீப்பராக நின்றவன் நான். அவர் முகத்தைவிட முதுகை அதிகம் பார்த்தவன்.

அண்ணன் பிறந்தது திருவண்ணாமலையில், தேரடி வீதியை ஒட்டிய ஒரு வாடகை வீட்டில். அவருக்கு அடுத்து நான், எனக்கு அடுத்து தங்கை. அப்பா இறந்தபோது அண்ணன் பிளஸ் டூ முடித்திருந்தார். துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டே தேர்வு எழுதி, வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தார். தங்கைக்குத் திருமணம் முடித்த பிறகுதான் தன் திருமணத்துக்குச் சம்மதித்தார். இவையெல்லாம் உறவினர்கள் அறிந்தவை. மைதானத்து அண்ணனைப் பலர் அறிய மாட்டீர்கள்.

எங்கள் கால்பந்துக் கழகத்தில் அவர் ஸ்டாப்பர் பேக். தடுப்பதுதான் வேலை. ஆடிய காலம் முழுவதும் ஒரு கோல்கூட அடித்ததில்லை. கோல் அடிப்பவர் செருப்புக்கடை ஷபீர் பாய். இடது ஓரத்தில் ஆட்டோ ஓட்டுநர் ஏழுமலை பந்தோடு ஓடினால் பிடிக்க ஆள் கிடையாது. வேலூர் அணியோடு கொட்டும் மழையில் ஆடியதைப் பழைய ஆட்கள் இன்றும் பேசுவார்கள். கோல் கோட்டருகே சேற்றில் நின்றுவிட்ட பந்தை அண்ணன் பாய்ந்து விழுந்து தலையாலேயே வெளியே தள்ளினார். கோல் இல்லாமல் முடிந்த அந்த ஆட்டத்தை ஜெயித்ததுபோலக் கொண்டாடினோம்.

ஆனால் நான் சொல்ல வேண்டியது கீழ்பென்னாத்தூர் அணியோடு ஆடிய ஆட்டம். பச்சையப்பன் அந்த அணியின் முன்வரிசை ஆட்டக்காரர், அண்ணன் வயதுக்காரர். முதல் பாதியில் அண்ணனின் இரண்டு கால்களுக்கும் நடுவே பந்தைத் தட்டிக்கொண்டு போய் கோல் போட்டார். சுற்றி நின்ற கூட்டம் சிரித்தது. இரண்டாம் பாதியில் மறுபடி வந்தார். அவர் பந்தை உதைத்து அனுப்பிய பிறகு, அண்ணனின் கால் அவர் முழங்காலுக்குக் கீழே விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் கோல் கம்பம் வரை கேட்டது. நடுவர் மஞ்சள் அட்டை காட்டினார். நாங்கள் இரண்டுக்கு ஒன்று என ஜெயித்தோம். விளையாட்டில் இது சகஜம் என்று எல்லோரும் அண்ணனைத் தேற்றினார்கள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவர் சைக்கிளை நிறுத்தினார்.

“பந்து போயிடுச்சுடா. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் கால வெச்சேன்.”

பின்னால் நின்ற எனக்கும் அது தெரிந்திருந்தது.

அடுத்த ஞாயிறு இருவரும் கீழ்பென்னாத்தூர் போனோம். பச்சையப்பன் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தார். அவருக்குத் துணை அவர் அம்மா மட்டுமே. அண்ணன் வாசற்படியில் நின்றபடி, அது தவறிப் பட்ட அடி அல்ல என்று இருவரிடமும் சொன்னார்.

“இத சொல்றதுக்கா பஸ் ஏறி வந்த? போ வெளிய,” என்றார் அந்த அம்மா. பச்சையப்பன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர்கள் நிலத்தில் வேர்க்கடலை பிடுங்கும் பருவத்தில் இருந்தது. கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை என்று பஸ் நிறுத்தத்தில் கேள்விப்பட்டோம். அண்ணன் ஷபீர் பாயிடம் சொன்னார். மறு ஞாயிறு கழகத்து ஆட்கள் ஒன்பது பேர் அந்த நிலத்தில் இறங்கினோம். வேலை தெரியாமல் செடியை இழுத்துப் பாதிக் காயை மண்ணிலேயே விட்டோம். மதியம் வரை வரப்பில் பேசாமல் நின்ற அம்மா, பொறுக்க முடியாமல் இறங்கி வந்தார். “இப்படி இழுத்தா மல்லாட்ட பூரா மண்ணுலயே நின்னுடும். அடியோட சேத்துப் புடிங்க,” என்றார். மாலையில் எல்லோருக்கும் கூழ் ஊற்றினார். அண்ணனுக்கும் ஊற்றினார், முகத்தைப் பார்க்காமல்.

பச்சையப்பனின் கால் சற்றுக் குட்டையாகிவிட்டது. அவரால் அதன் பிறகு ஆட முடியவில்லை. அண்ணனும் ஆட இறங்கவில்லை. ஷபீர் பாய் கெஞ்சிப் பார்த்தார், திட்டியும் பார்த்தார். இரண்டு சீசன் அண்ணன் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். நான் கோலாக வாங்கிக்கொண்டிருந்தேன். ஒருநாள் தன் ஊர் அணியின் ஆட்டத்தைப் பார்க்க வந்த பச்சையப்பன், விந்தி விந்தி நடந்து அண்ணனிடம் வந்தார்.

“நீ ஏன் எறங்கல?”

“நீ எறங்கலியே.”

“என் காலு ஒடஞ்சிது. உன் காலு நல்லாத்தான இருக்கு? போய் ஆடு.”

அண்ணன் அடுத்த வாரம் இறங்கினார். நாற்பது வயதுவரை ஆடினார். அதன் பிறகு ஒருமுறைகூட மஞ்சள் அட்டை வாங்கியதில்லை.

ஓய்வு பெற்ற பிறகு அவருக்குச் சிறுநீரகம் பழுதானது. வாரம் இருமுறை டயாலிசிஸ். செவ்வாய்க்கிழமைகளில் பச்சையப்பன் பஸ் ஏறி வந்து உடன் இருப்பார். மழையைப் பற்றியும் பேரப்பிள்ளைகளைப் பற்றியும் பேசுவார்கள். அந்த ஆட்டத்தைப் பற்றி அவர்கள் பேசி நான் கேட்டதில்லை. இதை எழுதலாமா என்று பச்சையப்பனைக் கேட்டேன். உன் அண்ணனே மறைக்காததை நீ எதற்கு மறைக்க வேண்டும் என்று கேட்டார்.

அண்ணனைக் கடைசிவரை கவனித்த மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், அண்ணிக்குத் துணையாக இருந்த பக்கத்து வீட்டாருக்கும், செய்தி கேட்டதும் ஓடி வந்த கழகத்து நண்பர்களுக்கும் நன்றி. இறுதி ஊர்வலத்தில் தானும் தோள் கொடுப்பேன் என்று பச்சையப்பன் முன்னால் வந்தார். வேண்டாம் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அவர் நடைக்கு ஏற்றபடி மற்ற மூவரும் காலடியைக் குறைத்துக்கொண்டார்கள். சுடுகாடு போய்ச் சேர வெகுநேரம் ஆனது. அவருக்கும், அந்த வெயிலில் அவசரப்படாமல் பின்னால் நடந்து வந்த உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.