நல்ல நேரத்தில் நின்ற காற்று

ஆக்சிஜன் லைனில் ஹைட்ரஜன் இரண்டு சதவீதத்தைத் தொட்டால் பிளான்ட் தானாக ட்ரிப் ஆகி நின்றுவிட வேண்டும். நான்கைத் தாண்டினால் வெடிக்க ஒரு தீப்பொறி போதும். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் முதலில் இதைத்தான் சொல்வேன். சொல்லும்போதெல்லாம் கோபமும் வந்துவிடும்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்கள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் இரண்டு காற்றாலை நட்டு, அந்தக் கரன்டில் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்தோம். சின்ன பிளான்ட். பெரிதாகக் கட்டப் பணம் போடுகிறவர்கள் ஒரு புதன்கிழமை பார்க்க வந்தார்கள். நான் ஷிஃப்ட் இன்சார்ஜ்.

மேனேஜர் காலண்டரைப் பார்த்துப் பத்தே முக்காலுக்கு நேரம் குறித்தார். எங்கள் கரையில் காலைக் காற்று பத்தரைக்கு ஓய்ந்துவிடும். கடல்காற்று நண்பகலுக்கு மேல்தான் ஏறும். மீன் விற்கிற அம்மாவுக்குக்கூடத் தெரியும்.

"பன்னண்டரைக்கு வெச்சுக்கலாம் சார்" என்றேன்.

"புதன்கிழமை பன்னண்டு டு ஒன்ற ராகு காலம்யா! வெளங்குமா?"

முழுக்கக் காற்றிலேயே ஓடுவதாகக் காட்ட, ஈ.பி. சப்ளையையும் கழற்றச் சொன்னார். கழற்றினேன்.

கார்கள் வந்தன. காற்று போனது. கரன்ட் இறங்கினால் ஆக்சிஜன் உற்பத்தி குறையும். இரண்டையும் பிரிக்கும் சவ்வு வழியாக அதில் கசியும் ஹைட்ரஜன் குறையாது. மீட்டர் ஒன்று புள்ளி எட்டுக்கு ஏறியது.

மேனேஜர் என் காதருகே வந்தார். "அந்த ட்ரிப்ப பைபாஸ் பண்ணுய்யா. பத்து நிமிஷம்."

வீராதி வீரனான நான் "சரி சார்" என்றேன். ட்ரிப்பை ஏமாற்ற ஒரு துண்டு ஒயர் போதும். இதே கையால் போட்டேன்.

எலக்ட்ரீஷியன் கரீம் பாய், புதுப்பட்டினத்துக்காரர், பார்த்துவிட்டார். "இன்னா பண்ணிகினு கீற அண்ணாத்த? வூட்டுல சொல்லிகினு வந்தியா?"

"பத்து நிமிஷம்தான் பாய்."

"வெடிக்கறதுக்கு அவ்ளோ நேரம் வோணுமா?"

மீட்டர் இரண்டரை. வெளியே மேனேஜர், ஆக்சிஜன் வெளியேறும் குழாய்க்கு நேர் கீழே, திருஷ்டிப் பூசணிக்காயின் மேல் சூடத்தை வைத்துத் தீக்குச்சியைத் தேடிக்கொண்டிருந்தார்.

நான் ஓடினேன். அவரைத் தடுக்க அல்ல, கேட்டைப் பார்த்து. மணலில் ஒரு ஷூ கழன்றது, நிற்கவில்லை. கேட்டில் வாட்ச்மேன், "இன்னா சார், டீக்கா?" என்றார். அப்போதுதான் உறைத்தது: உள்ளே ஒன்பது பேர், கரீம் பாய் உட்பட. திரும்பி ஓடி, எமர்ஜென்சி ஸ்டாப்பை அறைந்தேன். அதற்குள் கரீம் பாய், எரியத் தொடங்கியிருந்த சூடத்தின் மேல் தீயணைப்பு வாளி மணலை மொத்தமாகக் கொட்டியிருந்தார். மேனேஜரின் வேட்டியில் பாதி வாளி.

மீட்டர் மூன்று புள்ளி ஒன்று. ஸ்டாப் ஆனதும் கேஸ் வெளியேறிய சீறலில் விருந்தினர்கள் காருக்குப் பறந்தார்கள்.

"கம்பெனி மானத்த வாங்கிட்டியேடா!" என்று மேனேஜர் கத்தினார்.

"பைபாஸ் பண்ணச் சொன்னத எழுதிக் குடுங்க சார். மறுபடி போட்டு ஓட்றேன்."

பேனா இல்லை என்றார். சட்டைப் பையில் இருந்தது.

பன்னிரண்டேகாலுக்குக் கடல்காற்று ஏறியது. இரண்டு காற்றாலையும் பிய்த்துக்கொண்டு சுற்றின, பார்க்க ஆளில்லை.

அவர் மீதான கோபம்கூட ஆறிவிடும். அந்த ஒயரைப் போட்ட கை இன்னும் என்னோடுதான் இருக்கிறது. பைபாஸ் என்று யார் சொன்னாலும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். ஒயரைத் தொடும் முன்பே கேளுங்கள். நான் கேட்டது ஒற்றை ஷூவோடு நின்றபோது.