சித்தப்பா வேகப்படுத்திய நிரல்

சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறார் என்பதற்காக மலேசியாவில் ஸ்கூடாயில் இருந்த எங்கள் வீட்டில் சித்தப்பாவுக்கு இருந்த மரியாதை இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவர் சொன்னால் ஃபிரிட்ஜைக்கூட இடம் மாற்றுவார்கள்.

நான் அப்போது படிவம் இரண்டு, பதினான்கு வயது. பள்ளியில் பைத்தான் என்ற கணினி மொழியில் நிரல் எழுதும் போட்டி. ஆயிரக்கணக்கான பெயர்களை யாருடைய நிரல் சீக்கிரம் வரிசைப்படுத்துகிறதோ, அவர் மாநிலப் போட்டிக்குப் போகலாம். சித்தப்பாவின் பழைய மடிக்கணினியில் மண்டையை உடைத்துக்கொண்டு நானே எழுதினேன். அந்த இடம் எனக்கு வேண்டும், அவ்வளவுதான்.

போட்டிக்கு முதல் நாள் சித்தப்பா வந்தார். பார்த்ததும் சிரித்தார். "எழுதினத அப்படியே கொடுத்தா எல்லாரும் காப்பியடிப்பாங்க லா. கம்பைல் பண்ணித் தர்றேன், பறக்கும் பாரு."

பைத்தான் நாம் எழுதியதை, மனிதருக்குப் படிக்க வராத பைட்கோடாக மாற்றிக்கொண்டுதான் ஓட்டும்; கம்பைல் என்றால் அதுதான். அப்படி மாற்றிய கோப்பை மட்டும் நான் போட்டிக்குக் கொண்டுபோகும் பென்டிரைவில் வைத்தார். நான் எழுதி அதில் போட்டு வைத்திருந்ததை அழித்தார். அதோடு விட்டாரா? ஏதோ வேலை இருக்கிறதென்று மடிக்கணினியையும் தூக்கிக்கொண்டு பாலம் தாண்டி சிங்கப்பூர் போய்விட்டார். அம்மா அவருக்கு நண்டுக் குழம்பு வேறு கட்டிக் கொடுத்தார்.

மறுநாள் பள்ளிக் கணினி என் கோப்பை ஓட்டவே மறுத்தது. அதிலிருந்தது பழைய பைத்தான். ஒரு பதிப்பின் பைட்கோடு இன்னொரு பதிப்புக்கு ஆகாது. டீச்சர் கோப்பைத் திறந்து பார்த்தார். உள்ளே கிறுக்கல் மாதிரி ஏதேதோ குறிகள்.

"நீ எழுதினது எங்கம்மா? இல்ல, யாராச்சும் எழுதிக் கொடுத்தாங்களா?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஐயோ, அந்த அவமானம்! நான்தான் எழுதினேன் என்று கத்தினேன். காட்டுவதற்கு ஒரு வரி இல்லை. டீச்சர் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்.

"அலமாக்! அது ஓட்டை கம்ப்யூட்டர் லா, நம்ம தப்பில்ல" என்றார் சித்தப்பா போனில். என்ன 'நம்ம'? ஆனாலும் வீடே தலையாட்டியது. அந்தக் கணினிமேல்தான் எனக்கும் வருடக்கணக்கில் ஆத்திரம். அது மட்டும் ஒழுங்காக இருந்திருந்தால், சித்தப்பா கொடுத்த வேகத்தில் நான் எல்லாரையும் முந்தியிருப்பேன் என்று நம்பினேன்.

பைட்கோடாக மாற்றி வைத்தால் தொடங்கும்போது கண்ணிமைக்கும் நேரம் மிச்சமாகும், ஓடும் வேகம் அதேதான் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியாது. நான் எழுதியதை எழுதியபடியே விட்டிருந்தால், அந்தப் பழைய கணினியே அதை மாற்றி ஓட்டியிருக்கும். டீச்சரும் நான் எழுதியதைப் படித்திருப்பார்.