நான் குலுக்கிய இத்தாலி ஒயின்

பழைய ஒயினை இருமல் மருந்து மாதிரி குலுக்கிவைத்த ஆள் அல் கூஸ் வட்டாரத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதுவும் ஒரு பாட்டில் இல்லை, பெட்டி முழுக்க.

துபாய் அல் கூஸில், ஹோட்டல்களுக்கு ஒயின் விற்கும் கம்பெனியின் குடோனில் எனக்கு வேலை. வெளியே தார் உருகும். உள்ளே பாட்டில்களுக்கு மார்கழிக் குளிர். எங்கள் ரூம் ஏசி அந்த மரியாதையை எங்களுக்குத் தந்ததில்லை.

ஒருநாள் நாகர்கோவில்காரரான சூப்பர்வைசர் அண்ணன் ஒரு பெட்டியைக் காட்டினார். "படுத்துக் கெடக்கதை எல்லாம் நிமுத்தி வைலே. இத்தாலியில இருந்து திராட்சைத் தோட்டத்துக்கார அம்மாவே வாராவ. நாளைக்கு ஹோட்டல்காரனுவளுக்கு ஊத்திக் காட்டணும்." ஏன் என்று கேட்காமலே நிமிர்த்தி வைத்தேன். எல்லாம் தெரிந்தவன் கேட்பானா?

மறுநாள் காலை டியூட்டிக்கு வந்து, ஒன்றை டியூப்லைட்டில் தூக்கிப் பார்த்தால் அடியில் கறுப்பாக வண்டல். அடடா, அம்மா பார்த்தால் மனசு கஷ்டப்படுமே என்று, நன்னாரி சர்பத் கலக்குகிற சிரத்தையோடு ஒவ்வொன்றாகக் குலுக்கினேன். தோள்பட்டையே வலித்தது.

மதியம் அந்த அம்மா வந்தார். பாட்டிலை விளக்குக்கு நேரே பிடித்தார். உள்ளே புதுவெள்ளம் மாதிரி கலங்கல்.

"நல்லா கலக்கி வெச்சிருக்கேன், மேடம்" என்றேன் என் இங்கிலீஷில்.

"என்னலே செஞ்சே, பாவி!" அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டார்.

அம்மா கத்தாமல் சொன்னதை அண்ணன் எனக்குத் தமிழில் சொன்னார். அது அவருடைய அப்பா கடைசியாகப் போட்ட ஒயினாம். வருஷக்கணக்கில் படுத்துக் கிடந்ததில் சேர்ந்த வண்டல், பாட்டிலை நிமிர்த்தி அசையாமல் வைத்து அடியில் இறங்கினால்தான் மேலே தெளிந்து நிற்குமாம். கூடப்பிறந்தவர்கள் தோட்டத்தை விற்றுவிடலாம் என்கிறார்கள். ஹோட்டல்காரர்களிடம் ஒரு ஆர்டர் வாங்கி, அதைக் காட்டி அவர்கள் வாயை அடைக்கலாமென்று வந்திருந்தார்.

"ரூம்ல புது வேட்டி இருக்குண்ணே. நாலா மடிச்சு வடிகட்டிரலாம்னு அம்மாட்ட சொல்லுங்க." அண்ணன் மொழிபெயர்க்க மறுத்துவிட்டார்.

அம்மா ஹோட்டலுக்குப் போன் போட்டு, ஊற்றிக் காட்டுவதை வாரக் கடைசிக்கு மாற்றச் சொல்லிக் கெஞ்சினார். ஊருக்குப் போகும் டிக்கெட்டையும் தள்ளிப்போட்டார். தினமும் குடோனுக்கு வந்து வண்டல் இறங்குகிறதா என்று குனிந்து பார்த்தார். நான் அந்தப் பக்கம் மூச்சுகூட விடவில்லை.

வாரக் கடைசியில் அவரே ஊற்றினார். பாட்டிலின் கழுத்துக்குப் பின்னால் விளக்கு; வண்டல் எட்டிப்பார்த்ததும் சட்டென்று நிறுத்தினார். டம்ளரில் மாதுளைச் சிவப்பு. ஹோட்டல்காரர்கள் குடித்தார்கள், இன்னொரு தடவை டம்ளரை நீட்டினார்கள். ஆர்டர் கிடைத்தது.

அவர் கிளம்பும்போது காரின் கதவைத் திறந்துவிட்டு, "அடுத்த பெட்டியையும் நானே பாத்துக்கறேன், மேடம்" என்றேன்.

"பார்த்தால் போதும். தொடாதே."