எங்கள் குடும்பப் பெயரைத் தேடி வந்த தபால்காரர்

பெங்களூரில் எங்கள் குடும்பப் பெயரை முதல் தடவையிலேயே சரியாக உச்சரித்த ஒருவரை நான் பார்த்ததில்லை. நான் பள்ளியில் படித்த காலத்தில், வருகைப் பதிவு எடுக்கும் ஆசிரியர்கள் என் பெயரின் முன்பாதியைச் சொல்லிவிட்டுப் பின்பாதி வரும்போது இருமிக்கொள்வார்கள். இப்போது அல்சூர் பக்கம் ஒரு பள்ளியில் நானே இயற்பியல் ஆசிரியன். என் மாணவர்கள் ‘சார்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எங்கள் பெயருக்கு கேஸ் ஏஜென்சியில் ஒரு ஸ்பெல்லிங், வங்கியில் வேறொன்று, ஆதார் அட்டையில் இரண்டிலும் சேராத மூன்றாவது ஒன்று.

அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதக் கூடாது என்பது அண்ணனின் உத்தரவு. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

ஜோகுபாளையத்தில் அப்பா கட்டிய வீட்டில் கீழே அண்ணனும் அண்ணியும், மேலே நானும் என் மனைவி பிள்ளைகளும். அண்ணன் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே முப்பது பேரை அதட்டிக்கொண்டிருந்தவருக்கு வீட்டில் அதட்ட அண்ணி ஒருவர்தான் மிஞ்சினார். அண்ணியோ அதட்டலுக்கு மசிகிற ஆள் இல்லை. அதனால் அண்ணன் தன் முழு பலத்தையும் குடும்ப வரலாற்றின்மீது திருப்பினார். கத்தோலிக்கக் குடும்பங்களில் போர்ச்சுக்கீசிய வாசனை அடிக்கும் பெயர்கள் உண்டு. எங்களுடையது அந்த ரகத்திலும் சேராது. ஆகவே எங்கள் கொள்ளுத்தாத்தா யாரோ ஓர் ஐரோப்பியப் பிரபுவின் வாரிசாகத்தான் இருக்க வேண்டும் என்று அண்ணன் தீர்மானித்திருந்தார். ஆதாரம் கேட்டால், “மூக்கப் பாரு” என்பார். பார்ப்போம். அது அல்சூர் மார்க்கெட்டில் எங்கும் பார்க்கக்கூடிய மூக்குதான்.

இந்த நிலையில்தான் பள்ளி முகவரிக்கு எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் ஸ்பெயின் தேசத்தின் வடகிழக்கு மூலையில், கட்டலோனியாவில், ஒரு மலையூரில் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுள் முழுக்க மற்றவர்கள் பெயருக்கு வந்த கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், இப்போது என் பெயரைத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று எழுதியிருந்தார். அவருடைய குடும்பப் பெயர் அங்கேயே அபூர்வமாம். ஒரே ஒரு பள்ளத்தாக்கில் பிறந்த பெயர். அந்தப் பெயரோடு உயிரோடு இருப்பவர்களைவிடக் கல்லறையில் இருப்பவர்கள் அதிகம். எஞ்சியவர்களை அவர் பட்டியல் போட்டு வருகிறார். திடீரென்று எங்கள் பள்ளியின் இணையதளத்தில், பெங்களூரில், அதே எழுத்துகளோடு ஒருவன்! கடைசியில் மிகவும் மரியாதையாக ஒரு கேள்வி: “இது உங்கள் உண்மையான பெயரா, அல்லது தட்டச்சுப் பிழையா?”

கீழே போய் அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

“பாத்தியா? நான் அப்பவே சொன்னேனா இல்லியா?”

“என்ன சொன்னீங்க?” என்றார் சமையலறையிலிருந்து அண்ணி.

“நாம யூரோப்காரங்கன்னு.”

“கண்ணாடிய ஒரு வாட்டி பாத்துட்டு வந்து சொல்லுங்க.”

அண்ணன் கண்ணாடியைப் பார்க்கவில்லை. விசா ஏஜென்ட் ஒருவரைப் போய்ப் பார்த்தார். வம்சாவளியை நிரூபித்தால் ஐரோப்பிய பாஸ்போர்ட் கிடைக்குமா என்று விசாரித்தார். இணையத்தில் குடும்பச் சின்னம் விற்கும் ஒரு கடையைக் கண்டுபிடித்து, எங்கள் பெயருக்குரிய ‘அசல்’ சின்னத்தில் இரண்டு பிரதி வரவழைத்தார். இரண்டு சிங்கங்கள் எதிரெதிரே நின்று நாக்கை நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு பிரதியை வாசற்கதவில் மாட்டினார். இன்னொன்றை ஸ்கூட்டரின் முன்பக்கம் ஒட்டினார். செல்போனில் ஸ்பானிய மொழி கற்கத் தொடங்கி, காலையில் பால்காரரிடமே பயிற்சி எடுத்தார்.

நான் பதில் எழுதினேன். பிழை இல்லை, பெயர் உண்மைதான் என்று. ஜனவரியில் தபால்காரர் கிளம்பி வந்துவிட்டார்.

விமான நிலையத்தில் அவர் எங்கள் முன்னால் வந்து நின்றபோது, அண்ணன் அவர் தோளுக்கு மேலே எட்டிப்பார்த்து உயரமான ஒரு வெள்ளைக்காரரைத் தேடிக்கொண்டிருந்தார். வந்தவர் குள்ளம். வெயிலில் காய்ந்த நிறம், கட்டை மீசை, கையில் துணிப்பை. எங்கள் பங்குக் கோயிலில் காணிக்கைத் தட்டு எடுப்பவரின் தம்பி என்று சொன்னால் நம்பலாம். அண்ணன் சுதாரித்துக்கொண்டு, மனப்பாடம் செய்திருந்த ஸ்பானிய வாக்கியத்தை உரக்கச் சொன்னார். தபால்காரர் சிரித்துவிட்டு, நிதானமான ஆங்கிலத்தில், “நன்றி. ஆனால் அது பக்கத்து வீட்டு மொழி. எங்களுடையது கட்டலான்” என்றார்.

அண்ணனுக்கு முகம் சுருங்கிவிடுமோ என்று நான் பயந்துபோனேன். ஆனால் அண்ணன் முகம் மலர்ந்தது. ‘தமிழா? அப்படின்னா மெட்ராஸா?’ என்று பிறந்து வளர்ந்த பெங்களூரிலேயே ஆயுள் முழுக்கக் கேட்கப்பட்டவர் அவர்.

“அடடே, உங்களுக்கும் அதே பேஜார்தானா!” என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதைத் தபால்காரருக்கு எப்படி மொழிபெயர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவசியமும் இருக்கவில்லை.

அண்ணியோடு தபால்காரர் பேசியது செல்போன் வழியாக. அவர் தன் மொழியில் பேசுவார். போன் அதைத் தமிழாக்கி ஒரு பெண் குரலில் சொல்லும். முதல் நாள் சாப்பாட்டு மேஜையில் அது, “குருதி உறவே, தங்கள் அடுமனையின் நறுமணம் என் உள்ளத்தை நனைக்கிறது” என்றது. அண்ணி கரண்டியோடு அப்படியே நின்றார். “இவ்ளோ வருஷத்துல இந்த வூட்ல ஒருத்தர் இப்படிப் பேசினதில்ல” என்றார். மறுநாள் காலை தபால்காரர் ஒரு ரொட்டித் துண்டை எடுத்து, நன்றாகப் பழுத்த தக்காளியை இரண்டாக வெட்டி அதன்மேல் தேய்த்து, எண்ணெய் ஊற்றிச் சாப்பிட்டார். அவர்கள் ஊர்ப் பழக்கமாம். அண்ணிக்கு மனசே ஆறவில்லை. “கறி, குழம்பு எல்லாம் பண்ணி வெச்சிருக்கேன், மனுஷன் தக்காளியத் தேய்ச்சினு ஒக்காந்திருக்காரே.”

வாசலில் மாட்டியிருந்த சின்னத்தைத் தபால்காரர் வெகுநேரம் பார்த்தார். “இது யாருடையது?” என்று கேட்டார்.

“நம்ம குடும்பத்தோடது!” என்றார் அண்ணன்.

தபால்காரர் மெதுவாக விளக்கினார். அவர்களுடைய மொழியில் அந்தப் பெயருக்கு மலையில் வெயில் படாத சரிவு என்று பொருள். அந்தச் சரிவில் வீடு கட்டிக்கொண்டவர்களுக்குப் பெயரும் ஒட்டிக்கொண்டது. வசதியானவர்கள் எதிர்ப்பக்கத்தில், வெயில் படும் சரிவில் இருந்தார்கள். “நாங்கள் ஆடு மேய்த்தோம். இந்தச் சிங்கங்கள் இருந்திருந்தால் ஆடுகளைத் தின்றிருக்கும்.”

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஏற்பாடு செய்திருந்த பாராட்டு விழாவை அண்ணன் கைவிடவில்லை. திருப்பலி முடிந்ததும் பங்கு மன்றத்தில் ‘ஐரோப்பிய உறவினருக்கு வரவேற்பு’. ஃபிளெக்ஸ் பேனர் ஏற்கெனவே அச்சாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை நாங்கள் மூவரும் கண்டோன்மென்ட் பக்கமுள்ள பழைய கோயிலுக்குப் போனோம். எங்கள் முன்னோர்களின் ஞானஸ்நானப் பதிவேடுகள் அங்கேதான் இருக்கின்றன. அலுவலகத்தில் இருந்த அம்மாள் அடையாள அட்டை கேட்டார். அண்ணன் ஆதார், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம் மூன்றையும் நீட்டினார்.

“ஏனு சார் இது? மூணு கார்டுல மூணு ஸ்பெல்லிங்கு இருக்கு?”

“மூணும் நான்தாம்மா.”

“யாவுது நிஜம்? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க, எழுதிக்கறேன்.”

தபால்காரர் மூன்றையும் ஆசையோடு தன் நோட்டில் குறித்துக்கொண்டார். அவ்வளவு அபூர்வமான பெயருக்கு ஒரே சட்டைப்பையிலிருந்து மூன்று வடிவங்கள் கிடைத்ததில் அவருக்கு மகிழ்ச்சி.

பதிவேடு வந்தது. தாத்தாவின் திருமணப் பதிவில் எங்கள் பெயர் தெளிவாக இருந்தது. அதற்கு முந்தைய பதிவேட்டில் தாத்தாவின் ஞானஸ்நானப் பக்கத்தைத் திறந்தோம். யாரோ ஒரு வெளிநாட்டுப் பாதிரியார் ஆங்கில எழுத்தில் கிறுக்கிய கோழிக் கிறுக்கல். தகப்பன் பெயர் என்ற இடத்தில் கொள்ளுத்தாத்தாவின் பெயர், அதையடுத்து நெருக்கி எழுதிய இன்னொரு சொல். அண்ணன், “இதோ! இதோ!” என்று செல்போனில் படம் எடுத்தார்.

தபால்காரரோ அந்த வரியை விட்டுவிட்டு மேலும் கீழும் விரலை ஓட்டினார். கோணல் கையெழுத்தைப் படிப்பது அவருடைய தொழில் அல்லவா. மேல் வரியில், இன்னொரு குழந்தையின் தகப்பன் பெயரை அடுத்திருந்த ஒரு சொல்லை எழுத்துக்கூட்டிப் படித்து, என்னிடம் தாழ்ந்த குரலில், “இது என்ன?” என்றார். குசி, பிறகு ஒரு புள்ளி. “குசினிக்காரர். சமையல் செய்பவர்” என்றேன். கீழ் வரியில் தோட், ஒரு புள்ளி. தோட்டக்காரர். இருவரும் ஒரே நேரத்தில் நடு வரிக்குத் திரும்பினோம். எங்கள் பெயருக்குப் பின்னாலும் ஒரு புள்ளி இருந்தது.

உபதேசியார். ஊர் ஊராகப் போய் ஜெபமும் ஞானப்பாடமும் சொல்லிக்கொடுத்தவர். இடம் போதாமல் பாதிரியார் அந்தத் தொழிலையும் முதல் சில எழுத்துகளாகச் சுருக்கி எழுதியிருக்கிறார். அடுத்த பதிவேட்டை எழுதியவர் புள்ளியை விட்டுவிட்டு, கடைசி எழுத்தையும் தன் இஷ்டத்துக்கு மாற்றி, அதைக் குடும்பப் பெயராக்கிவிட்டார். அவ்வளவுதான் எங்கள் ஐரோப்பா.

அண்ணன் படம் எடுத்து முடித்து, “என்ன, சரியா இருக்கா?” என்றார். தபால்காரர் என்னைப் பார்த்தார். நான் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தேன். “நல்ல பதிவேடு” என்று சொல்லி அவர் மூடி வைத்தார்.

மறுநாள் மாலை மேல்மாடியில் தபால்காரர் என்னிடம் கேட்டார், அண்ணனிடம் சொல்லலாமா என்று. வேண்டாம் என்றேன். ஃபிளெக்ஸ் அச்சாகிவிட்டது, நூறு பேருக்குக் கேக்கும் சமோசாவும் சொல்லியாகிவிட்டது என்றேன். தினமும் வகுப்பில் நிரூபணம் இல்லாமல் எதையும் நம்பாதே என்று கத்துகிறவன் நான்தான். அவர் தலையாட்டினார். ஆனால் அது சம்மதம் இல்லை போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மன்றத்தில் சால்வை, ரோஜா மாலை எல்லாம் ஆயிற்று. சிங்கங்கள் பேனரில் ஆளுயரத்துக்கு நின்றன. அண்ணன் மைக்கில், இரு கண்டங்களை இணைத்த இரத்தம் பற்றிக் கால் மணிநேரம் பேசினார். பிறகு தபால்காரர் தன் போனை மைக்குக்கு அருகே பிடித்துக்கொண்டு பேசினார். அந்தப் பெண் குரல் மன்றம் முழுக்க ஒலித்தது.

“என் பள்ளத்தாக்கில் இப்பெயர் வெயில் இன்மையால் வந்தது. இவ்விடத்தில் ஒரு மனிதர் கற்பித்தமையால் வந்தது. அவர் உபதேசியார். எழுதியவர் புள்ளியை மறந்தார். நாம் இரத்த உறவினர் அல்லர். உங்கள் பெயரே மேலானது.”

முதலில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. செந்தமிழ் அல்லவா, பலர் அதை ஜெபம் என்று நினைத்துக் கை கூப்பினார்கள். பங்குச் சாமியாருக்குத்தான் முதலில் விளங்கியது. அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கையில் மைக் இல்லாமலேயே மைக் பிடித்த மாதிரி நின்றுகொண்டிருந்தார். அப்போது முன்வரிசையில் அண்ணி கை தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். சமோசா வந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது அண்ணி சொன்னார்: “நல்லவேளை, உபதேசின்னு இருந்துச்சு. இவரோட வம்சத்தப் பாத்தா உபத்திரவம்னுதான் எழுதியிருப்பாங்கன்னு நெனச்சேன்.”

வீடு வந்ததும் அண்ணன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் மேலே போகாமல் கீழேயே உட்கார்ந்திருந்தேன். வெள்ளிக்கிழமையே நான் சொல்லியிருந்தால் இவ்வளவு கூட்டத்துக்கு முன்னால் நடந்திருக்காது. மாலை ஐந்து மணிக்குக் கதவு திறந்தது. அண்ணன் சலவைச் சட்டை போட்டிருந்தார்.

“யோசிச்சுப் பாத்தேன்டா. நம்மளுது குரு வம்சம். நீ வாத்தியார் ஆனது சும்மா இல்ல, அது ரத்தத்துல இருக்குது. ஐரோப்பான்னா என்ன பெருசா? வெயில் படாத எடத்துல ஆடு மேய்ச்சவங்க.” பக்கத்தில் உட்கார்ந்திருந்த தபால்காரரிடம் திரும்பி, “நீங்க தப்பா எடுத்துக்காதீங்க” என்றார். அவர் புரியாமல் சந்தோஷமாகத் தலையசைத்தார்.

அன்றுதான் பெயரை எங்கேயும் எழுதக் கூடாது என்ற உத்தரவும் பிறந்தது. “எழுதினா மறுபடியும் எவனாவது எங்கேர்ந்தாவது கெளம்பி வருவான்.” எங்கள் தெருவில் இப்போது அண்ணனிடம் யாராவது வம்சத்தைப் பற்றிக் கேட்டால், அரை மணிநேரம் ஞானப்பாடமே கிடைக்கும். பேச்சின் நீளம் மட்டும் குறையவில்லை.

தபால்காரர் ஊர் போய்ச் சேர்ந்து, சில வாரம் கழித்துத் தன் பட்டியலை அனுப்பினார். கடைசிப் பக்கத்தில் பெங்களூர். எங்கள் வீட்டில் உள்ள அத்தனை பேரும் வரிசையாக இருந்தோம். இது நியாயமா, நாங்கள் ஒரு புள்ளியால் வந்தவர்கள்தானே என்று கேட்டு எழுதினேன்.

அவர் பதில் சிறியது. தனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பள்ளத்தாக்கில் அந்தப் பெயரோடு இருந்த இன்னொருவர், அவருடைய சித்தப்பா மகன், பனிக்காலத்தில் இறந்துவிட்டார். தனக்குப் பிறகு அந்த மலையில் யாரும் இல்லை. “உங்கள் வீட்டில்தான் இந்தப் பெயரோடு பள்ளிக்கூடம் போகிறவர்கள் இருக்கிறார்கள். எப்படி வந்தது என்பது எனக்கு இப்போது பெரிதாகத் தெரியவில்லை.”

இதைக் கீழே போய்ப் படித்துக் காட்டினேன். அண்ணன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“அவ்ளோ நாள் நம்ம வூட்லயே இருந்தாரு. ஒத்த ஆளுன்னு ஒரு வார்த்த சொல்லலியேடா.”

“நாம எங்க கேட்டோம்?” என்றார் அண்ணி.

அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “கிறிஸ்மஸுக்கு வரச் சொல்லி எழுது. அங்க பனியில தனியா என்ன பண்ணுவாரு” என்றார். நான் அங்கேயே உட்கார்ந்து செல்போனில் எழுதினேன். அண்ணி எட்டிப்பார்த்து, இந்தத் தடவை அவர் எத்தனை நாள் வேண்டுமானாலும் தங்கலாம் என்பதையும் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன்.