எங்கள் லயத்துக்கு ஒரே மெயில்

றக்வான டவுனில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் வேலை செய்கிறேன். போட்டோகொப்பி அடிப்பது, விண்ணப்பம் நிரப்புவது, மெயில் அனுப்பிக் கொடுப்பது, எல்லாம் நான்தான். வருகிறவர்கள் என்னை வாயாடி என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். கடைக் கணினியில் மெயிலைத் திறந்து, கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று அது கேட்டதும் சரியென்று தட்டிவிட்டு எழுந்து போகிறவர்களைக் கண்டால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். நேற்றும் ஓர் அம்மாவை வாசல்வரை ஓடிப்போய்க் கூட்டி வந்தேன்.

"அதுல என்னங்க மிஸ் இருக்கு? எங்கிட்ட யாரு வந்து என்னத்த திருடப் போறா?"

"திருடன் வெளியிலேருந்துதான் வருவான்னு யாருங்க சொன்னா?" என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. பாவம், நான் என் அண்ணனைச் சொன்னேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

எங்கள் தோட்டத்து லயத்தில் ஒரே வரிசையில் ஒட்டினாற்போல் எட்டு வீடு, எல்லாருக்கும் ஒரே மெயில். அது என்னுடையது. அங்கே முதன்முதலில் ஏ.எல். பரீட்சை பாஸ் பண்ணியவள் நான். அடையாள அட்டை, பாஸ்போர்ட், பிள்ளைகளின் ரிசல்ட், எந்த போர்ம் என்றாலும் மெயில் என்ற கட்டத்தில் என் முகவரியைத்தான் எழுதுவார்கள். எனக்கும் அப்போது அதில் ஒரு பெருமை. கொழும்பில் கடையில் வேலை செய்த அண்ணன் வாங்கிக் கொடுத்த டேப்லெட் வீட்டில் இருந்தது. கணினி வகுப்புக்காக நான் வாங்கிய பழைய லேப்டொப் என் பையில் இருக்கும். இரண்டிலும் அதே மெயில், இரண்டிலும் கடவுச்சொல் சேமித்தே கிடக்கும்.

டேப்புக்கு ஒரு பூட்டாவது போட்டிருக்கலாமே என்பீர்கள். போட்டேன், ஒரே ஒரு வாரம். பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் சித்தி, நான் இல்லாத நேரம் மகனின் ரிசல்ட் பார்க்க வந்து, திறக்க முடியாமல் அம்மாவைப் பிடித்துக்கொண்டார். "எங்களுக்கு மறைச்சு அப்படி என்னத்தக்கா பூட்டி வெச்சிருக்கா ஒங்க மக?" எங்கள் லயத்தில் பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை, சாத்தினால் பக்கத்து வீட்டோடு சண்டை என்று அர்த்தம். அம்மாவுக்கு மானமே போய்விட்டது. அன்றைக்கே பூட்டை எடுக்கச் சொன்னாள். நானும் எடுத்தேன், மடச்சி.

அந்த வருடம்தான் இந்தியாவில் பட்டப்படிப்புக்கு உதவித்தொகை கேட்டு எழுதியிருந்தேன். நேர்முகத்தில் நன்றாகவே பேசினேன். முடிவு மெயிலில் வரும் என்றார்கள். தினமும் லேப்டொப்பைத் திறந்து பார்ப்பேன். ஒரு மாதம், இரண்டு மாதம், ஒன்றும் இல்லை. கிடைக்கவில்லை என்று நினைத்து, அழுது, அடங்கினேன். "போனா போகுது, விடு புள்ள" என்று அம்மா தலையைத் தடவிக் கொடுத்தாள். அண்ணன் எனக்குப் புதுச் செருப்பு வாங்கி வந்தான்.

நேர்முகத்துக்கு என்னோடு வந்த, ஓப்பநாயக்க என்ற ஊர்ப் பெண் ஒருத்தி கோயம்புத்தூருக்குப் படிக்கப் போயிருந்தாள். அடுத்த வருடம் லீவில் வந்தவள் டவுனில் என்னைக் கண்டு நிறுத்தினாள்.

"நீங்க ஏங்க வேணாம்னு எழுதிட்டீங்க? லிஸ்ட்ல ஒங்க பேரு எனக்கு மேல இருந்துச்சே!"

உதவித்தொகை அலுவலகத்துக்குப் போன் எடுத்துக் கேட்டேன். என் மெயிலிலிருந்தே பதில் வந்ததாகச் சொல்லி, அதை எனக்கே திருப்பி அனுப்பினார்கள். இரண்டு வரி ஆங்கிலம். குடும்பப் பிரச்சினையால் வர இயலாது, நன்றி. தேதியைப் பார்த்தேன். அன்று நான் இரத்தினபுரியில் வகுப்பில் இருந்தேன். அண்ணன் லீவில் வீட்டில். டேப்பில் பதிலைப் போட்டு, வந்ததையும் போனதையும் குப்பைத்தொட்டியிலிருந்தும் அழித்திருக்கிறான். அங்கே அழித்தால் என் லேப்டொப்பிலும் போய்விடும். எவ்வளவு சுத்தமான வேலை!

அவன் அடுத்த முறை வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது, அந்த மெயிலை அச்செடுத்த தாளைத் தட்டுக்குப் பக்கத்தில் போட்டேன்.

"ஆமா, நான்தான் போட்டேன்," என்றான் தலை நிமிராமல். "நீ போயிட்டா அம்மாவ யாரு பாக்குறது? நான் கொழும்புல கெடக்குறேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா? எம்பேர்ல எழுத நீ யாரு?"

"கேட்டா நீ போறேன்னு நிப்ப."

நியாயம் கேட்க அம்மா பக்கம் திரும்பினேன். அவள் சட்டியைக் கிண்டிக்கொண்டே, "எங்கிட்ட சொல்லிட்டுத்தான்டி செஞ்சான்" என்றாள்.

அண்ணன் மேல் வந்த கோபம்கூட ஒருநாள் ஆறிவிடலாம். எல்லாம் தெரிந்துகொண்டே என் தலையைத் தடவிக் கொடுத்தாளே, அதை நான் மன்னிக்கமாட்டேன். பெற்றவளைப் பற்றி இப்படி எழுதக் கூடாதுதான். எழுதுகிறேன்.

அன்றே டேப்பிலிருந்து மெயிலை வெளியேற்றி, சேமித்திருந்ததையெல்லாம் அழித்து, கடவுச்சொல்லை மாற்றினேன். இப்போது அது என் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. படிச்ச திமிரு என்றார் சித்தி. இருக்கட்டும். யாருக்கு என்ன வந்தாலும் நானே கடையில் பார்த்து, அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். போர்மில் எழுதும் முகவரியை மட்டும் லயத்தில் யாரும் மாற்றவில்லை.

அண்ணனும் மாற்றவில்லை. போன மாதம் கட்டாரிலிருந்து அவனுக்கு வேலைக் கடிதம் வந்தது, என் மெயிலுக்கு. பத்து நாளைக்குள் பதில் போட வேண்டும். கடையில் அப்போது ஒருவரும் இல்லை. தட்டினேன். குடும்பப் பிரச்சினையால் வர இயலாது, நன்றி. அனுப்பும் பொத்தானில் அம்பை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. கடை மொதலாளி நானா பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வந்து, "என்ன மகள், மொகமெல்லாம் வேர்த்துக் கெடக்கு?" என்றார். எழுதியதை அழித்துவிட்டேன். என்னை நல்லவள் என்று நினைக்க வேண்டாம். அவனைப்போல் ஆகிவிடுவேனோ என்று பயந்தேன், அவ்வளவுதான்.

அந்த ஞாயிறு அவன் வீட்டுக்கு வந்தபோது கடிதத்தைக் கையில் கொடுத்தேன். படித்துவிட்டுத் துள்ளினான். அம்மா சந்தோஷத்தில் அழுதாள், சாமிப் படத்துக்குக் கற்பூரம் கொளுத்தினாள். அம்மாவை யார் பார்ப்பது என்று யாராவது கேட்பார்கள் என்று நின்றுகொண்டிருந்தேன். கேட்கவில்லை. கடைசியில் நானே வாயைத் திறந்தேன்.

"அப்ப அம்மாவ யாருண்ணே பாக்குறது?"

"நீ இருக்கீல்ல" என்றான்.

நான் பதில் சொல்லுமுன் அம்மா தலையாட்டினாள்.